காத்திருக்காத வண்டி

2011 ஜூலை 16, சனிக்கிழமை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், பழைய பாலம் ஒன்றின் பாதியை இடிப்பதற்காக 405-ஆம் எண் பெருஞ்சாலையின் ஒரு பகுதியை வாரயிறுதி முழுக்க மூடிவிட்டார்கள். ஊரே முடங்கப் போகிறது என்ற பேச்சு பல நாட்களாக இருந்தது. ஜெட்ப்ளூ விமான நிறுவனம் இதை விளம்பரத்துக்கு நல்ல சமயமாக எடுத்துக்கொண்டது. நகரின் வடக்கே உள்ள பர்பேங்க்கிலிருந்து தெற்கே கடலோரம் இருக்கும் லாங் பீச்சுக்கு 4 டாலருக்கு விமான டிக்கெட் என்று அறிவித்தது. டிக்கெட்டுகள் உடனே விற்றுத் தீர்ந்தன.

அந்த ஊரின் சைக்கிள் ஓட்டிகள் சிலர், விமானத்தோடு போட்டி போடலாம் என்று முடிவு செய்தார்கள். விமானத்தில் வருபவர், சைக்கிளில் வருபவர்கள் என எல்லோரும் ஒரு வீட்டு வாசலில் புறப்பட்டு லாங் பீச் கடற்கரையில் முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சைக்கிள் குழு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. விமானப் பயணி வந்து சேர்ந்தபோது அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகக் கடந்திருந்தது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்துக் கடந்து போனவர்கள்தான் அதிகம். எனக்கோ, அன்றாடப் பயணத்தைப் பற்றி நாம் போடும் தப்புக் கணக்கு முழுவதும் அந்த ஒரு பந்தயத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஒரு வண்டியின் வேகம் என்றதும் அது ஓடும்போது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றுதான் பார்க்கிறோம். ஓடாமல் நிற்கும் நேரத்தை யாரும் அந்த வண்டியின் கணக்கில் எழுதுவதில்லை. அன்று விமானம் வானில் இருந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு. விமான நிலையம் போவது, பாதுகாப்புச் சோதனை, வாயிலில் காத்திருப்பது, இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு வண்டி பிடிப்பது எல்லாம் சேர்ந்துதான் அதைத் தோற்கடித்தன.

பிரிட்டனிலும் இப்படி ஒரு பந்தயம் நடந்திருக்கிறது. கார்களையே கொண்டாடும் பிபிசி நிகழ்ச்சி ஒன்று, 2007 நவம்பரில் லண்டனின் மேற்கே கியூ பாலத்திலிருந்து கிழக்கே லண்டன் சிட்டி விமான நிலையம் வரை ஒரு போட்டியை ஒளிபரப்பியது. சைக்கிள் முதலில் வந்தது. தேம்ஸ் நதியில் சீறிவந்த விசைப்படகுக்கு இரண்டாம் இடம், ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தவருக்கு மூன்றாம் இடம். கார் கடைசி.

ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, பயணத்தை வாசலிலிருந்து வாசல் வரை அளக்க வேண்டும். பஸ் பயணம் என்றால் நிறுத்தம் வரை நடை, காத்திருப்பு, ஓட்டம், இறங்கிய பின் மீண்டும் நடை என நான்கு துண்டுகள். காருக்கு ஓட்டத்தோடு, நிறுத்த இடம் தேடும் நேரமும் அங்கிருந்து நடந்து வரும் நேரமும் உண்டு. சைக்கிளுக்கோ பூட்டைத் திறப்பது, ஓட்டுவது, பூட்டுவது அவ்வளவுதான்.

இந்தத் துண்டுகளில் மிகவும் விசித்திரமானது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். மணிக்கு ஆறு பஸ் ஓடும் தடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று. முன்கூட்டித் திட்டமிடாமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்றுதான் தோன்றும். பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால் அது சரி. ஆனால் இரண்டு இரண்டாகச் சேர்ந்து வந்தால்? ஒரு பஸ், இரண்டு நிமிடத்தில் இன்னொன்று, பிறகு பதினெட்டு நிமிடம் வெறும் சாலை. இப்போதும் மணிக்கு ஆறு பஸ்தான். ஆனால் ஒவ்வொரு இருபது நிமிடத்திலும் பதினெட்டு நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்கே சொந்தம் என்பதால், பத்தில் ஒன்பது பேர் அதற்குள்தான் வந்து மாட்டிக்கொள்வார்கள். அவர்களின் சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். குறுகிய இடைவெளியில் வந்த அந்த ஒருவருக்கு 1 நிமிடம். எல்லோருக்குமான சராசரி 8.2 நிமிடம். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, காத்திருப்பு மட்டும் அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. "எனக்கு மட்டும் எப்போதும் பஸ் வரவே மாட்டேன் என்கிறது" என்று நிறுத்தத்தில் நின்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. கணிதம் அவர் பக்கம் இருக்கிறது.

பஸ்கள் ஏன் இப்படிச் சேர்ந்து வருகின்றன? ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பஸ் ஏதோ காரணத்தால் ஒரு நிமிடம் தாமதமாகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறுவதற்கு நேரமாகிறது, தாமதம் வளர்கிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிதாகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆள் குறைவு. அது விரைவாகக் கிளம்பிக் கிளம்பி முன்னதை எட்டிப் பிடிக்கிறது. நெரிசலில் பிதுங்கும் ஒரு பஸ்ஸும் அதன் பின்னாலேயே காலியாக ஒரு பஸ்ஸும் வருவதன் ரகசியம் இதுதான். இந்த இயக்கத்தை 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

கார் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் சிக்னலில் காத்திருக்கிறது. பச்சை விழுந்ததும் வரிசையில் நிற்கும் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. முன்னே நிற்கும் கார் நகர்ந்து இடைவெளி விட்ட பிறகுதான் அடுத்தது நகர முடியும். ஒரு தடத்தில் ஒரு காருக்கு ஏறத்தாழ இரண்டு வினாடி என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. முப்பது வினாடிப் பச்சையில் பதினைந்து கார் போகும். பதினாறாவது காரில் இருப்பவர், அது எத்தனை குதிரைத்திறன் கொண்ட எஞ்சினாக இருந்தாலும், இன்னொரு சுற்றுச் சிவப்பைப் பார்த்தே ஆக வேண்டும். சைக்கிள் அந்த வரிசையில் இல்லை. ஓரமாக முன்னேறிப் போய் முதல் பச்சையிலேயே கடந்துவிடுகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் இது நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சிக்னலே இல்லாத சாலையிலும் கார்கள் தாமாகவே நெரிசலை உண்டாக்கிக்கொள்ளும். 2008-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். தடையும் இல்லை, சந்திப்பும் இல்லை. இருந்தும் சற்று நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கார்கள் முழுதாக நின்றுபோகும் ஒரு முடிச்சு உருவாகி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் அலையாக நகர ஆரம்பித்தது.

இவற்றின் விளைவை நகரச் சராசரியில் பார்க்கலாம். நகரங்களின் போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி, லண்டன் மையத்தில் 10 கிலோமீட்டரைக் காரில் கடக்கச் சராசரியாக 37 நிமிடம் 20 வினாடி ஆனது. பெங்களூரில் 28 நிமிடம் 10 வினாடி. மணிக்கு 16 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர் என்று இவற்றை மாற்றிச் சொல்லலாம். சாதாரண ஆள் சாதாரண சைக்கிளில் அவசரமின்றிப் போகும் வேகம் 15, 16 கிலோமீட்டர். லண்டன் மையத்தில் நிறுத்த இடம் தேடத் தொடங்கும் முன்பே கார் தன் அனுகூலத்தை இழந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தால் வெற்றி இன்னும் பெரிதாகாதா? இயற்பியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சமதரையில் நிமிர்ந்து உட்கார்ந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டப் பெடலில் சுமார் 45 வாட் திறன் போதும். 20-க்குச் சுமார் 85 வாட். 30-க்கோ 225 வாட் வேண்டும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதுதான் காரணம். வேகம் இரட்டிப்பானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை எட்டு மடங்கு.

வெயில் ஊர்களுக்கு இதில் இன்னொரு பாடம் இருக்கிறது. நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் உடலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. 45 வாட்டில் மிதித்தால் உடல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 150 வாட் அளவில் இருக்கும். 225 வாட்டில் மிதித்தால் அது 700 வாட்டைத் தாண்டும். அலுவலகத்துக்கு வியர்வையில் குளித்துப் போய் நிற்பதும் போகாமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஓடும்போது காற்று வியர்வையை உலர்த்திவிடும். சிக்னலில் நின்றதும் பொலபொலவென்று கொட்டுவது, உலர்த்திய காற்று நின்றுபோனதால். நிதானமாக மிதிப்பவர் இழப்பது சில நிமிடம்தான். அதுவும் நகரத்தில் பெரும்பாலும் அடுத்த சிக்னலில் திரும்பக் கிடைத்துவிடும்.

நின்று கிளம்புவதிலும் எடை பேசுகிறது. ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடையை 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,400 ஜூல் வேண்டும். 1,200 கிலோ காரை 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 1,15,000 ஜூலுக்கும் மேல். எண்பது மடங்கு. அடுத்த சிவப்பு விளக்கில் இரண்டும் பிரேக்கில் வெந்து வீணாகப் போகின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் நோரெப்ரோகேட் சாலையில் சிக்னல்களை 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒத்திசைத்து வைத்தது. அந்த வேகத்தில் காலையில் நகருக்குள் மிதித்து வருகிறவருக்குப் பச்சை தொடர்ந்து பச்சையாகவே கிடைக்கும். எத்தனை அன்பான பொறியியல்!

சைக்கிள் எல்லாத் தூரத்திலும் வெல்லும் என்று சொன்னால் அது பொய். எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சைக்கிளுக்குப் பூட்டித் திறக்க 2 நிமிடம், பிறகு மணிக்கு 16 கிலோமீட்டர். காருக்கு எடுக்கவும் நிறுத்தவும் நடக்கவும் 10 நிமிடம், பிறகு 25 கிலோமீட்டர். இரண்டும் சமமாவது 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். மெட்ரோ ரயிலுக்கு இரு முனையிலும் நடை, படியிறக்கம், காத்திருப்பு எல்லாமாக 23 நிமிடம், ஓட்டம் மணிக்கு 33 கிலோமீட்டர் என்றால், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வரை சைக்கிள் முன்னால் இருக்கும், அதற்கு மேல் மெட்ரோ. இரவு பதினொரு மணிக்கு வெறிச்சோடிய சாலையில் கார் எளிதாக வென்றுவிடும். ஏற்றமான ஊரில் கணக்கே வேறு. சாலையில் பாதுகாப்பு இல்லை என்ற அச்சத்துக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. அதுதான் பலரை வீட்டிலேயே சைக்கிளைப் பூட்டிவைக்கச் செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பந்தயங்கள் காட்டத் தவறும் ஒன்று உண்டு. பந்தயம் ஒரு நாள் நடக்கிறது; நாம் தினமும் போகிறோம். காரில் வழக்கமாக 20 நிமிடத்தில் முடியும் பயணம், மழை பெய்த மாலையில் 50 நிமிடம் ஆகிறது. எந்த நாள் அந்த நாள் என்று முன்பே தெரியாததால், நேர்காணலுக்கோ தேர்வுக்கோ போகிறவர் 50 நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்து வாசலில் நிற்கும் அந்த அரை மணி நேரமும் பயணத்தின் செலவுதான். சைக்கிளில் 25 நிமிடம் ஆகும் பயணம் நெரிசல் நாளிலும் 27, 28 நிமிடத்தில் முடியும். ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,000 பேரைக் கார்கள் கடத்துமென்றால், அதே அகலத்தில் சைக்கிள்கள் 14,000 பேரைக் கடத்தும் என்பது போக்குவரத்துத் திட்டமிடலில் பரவலாகப் பயன்படும் கணக்கு. கூட்டம் கூடினாலும் சைக்கிளின் நேரம் அதிகம் ஆடாததற்கு இதுவும் ஒரு காரணம். என் தீர்ப்பில் சைக்கிளின் பெரிய வெற்றி இந்த ஆடாத நேரம்தான். சராசரியில் இரண்டு நிமிடம் தோற்றாலும் அது வென்ற வண்டியே.

1970-களில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக நீட்டினார். சாலையில் கழியும் நேரத்தோடு, காரின் தவணைக்கும் எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் சேர்த்தார். அன்றைய அமெரிக்கர் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல் காருக்குக் கொடுத்து 7,500 மைல் போகிறார், ஆக மணிக்கு 5 மைலுக்கும் குறைவு என்றார். ஊதியமும் விலையும் மாறினால் எண் மாறும். ஆனால் வண்டிக்காக உழைத்த நேரமும் வண்டியில் போன நேரம்தான் என்ற அவருடைய வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை.

குறைந்த வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கு இதெல்லாம் புதிய செய்தி அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். மேலே சொன்ன கணக்கை அந்த ஊர்ச் சாலையில் போட்டுப் பாருங்கள். சந்தை 6 கிலோமீட்டர். பஸ் மணிக்கு ஒன்று. நிறுத்தத்துக்கு 12 நிமிட நடை, நேரம் தெரிந்து போனாலும் தவறவிடாமல் இருக்க 10 நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும், ஓட்டம் 20 நிமிடம், இறங்கி 5 நிமிடம். 47 நிமிடம். சைக்கிளில், மணிக்கு 12 கிலோமீட்டர் என்று மெதுவாகப் போனாலும், 30 நிமிடம். திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டால் ஒரு மணி நேரம் கூடுதல், சைக்கிளுக்கு அந்தப் பேச்சே இல்லை. யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல், விளைந்ததை ஏற்றிக்கொண்டு புறப்படலாம்.

அப்போது வாங்கியவர்களில் பலர் பெண்களுக்கென்று செய்த சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க முடியும்.