நான்கு உள்ளங்கைகளின் மேல் ஓடும் கார்

கண்ணாடியில் கட்டிய மாலை வாடுவதற்குள் ஒரு புதிய கார் என் பட்டறைக்கு வந்தது. ஓடியிருந்தது 640 கிலோமீட்டர். ஓட்டிவந்த தம்பிக்கு அதுதான் முதல் கார், தவணையில் எடுத்தது. கைப்பேசியில் ஒரு பட்டியலைத் தயாராக வைத்திருந்தார்: 17 அங்குல அலாய் வீல், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், ஏர் ஃபில்டர், சைலன்சர், கடைசியில் என்ஜின் ரீமேப், அதாவது என்ஜினின் கணினி நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. “இதில் எதை முதலில் செய்யலாம் அண்ணா?” என்று கேட்டார்.

கோவையில் வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலைக்கு வந்து எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. மாதத்தில் நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த வண்டியில் உங்களுக்கு எது போதவில்லை? தம்பி கொஞ்சம் யோசித்தார். “வால்பாறை போனபோது வளைவுகளில் பின்பக்கம் விலகுவது போல இருந்தது. அப்பாவும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு பயமாகிவிட்டது.”

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் வந்த பயத்துக்கு அவருடைய பட்டியலில் இருந்த ஐந்தில் ஒன்றுகூட மருந்தாகாது. முதல் இரண்டும் அதைக் கூட்டவே செய்யும்.

கேஜை எடுத்து டயர்களின் காற்றை அளந்தேன். நான்கிலும் 40 பிஎஸ்ஐ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 33 என்று இருந்தது. புதிய கார்கள் மாதக்கணக்கில் யார்டில் நிற்கும்போது டயர் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக ஏற்றிவைப்பார்கள். ஒப்படைக்கும்போது குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. அளவுக்கு மீறிக் காற்று நிறைந்த டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையில் ஊன்றும். பிறகு காரை மெஷினில் ஏற்றினேன். முன்சக்கரங்களின் டோ, அதாவது இரண்டும் ஒன்றுக்கொன்று உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருக்கும் கோணம், அளவு தப்பியிருந்தது. புதிய காருக்கு அலைன்மென்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் லாரியில் ஏறி, சங்கிலியில் கட்டுண்டு, சரிவுப் பலகையில் இறங்கிய வண்டி அது. ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

இரண்டையும் சரிசெய்து சிறுவாணி சாலையில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். திரும்பி வந்தவர் ஸ்டியரிங்கே வேறு மாதிரி இருப்பதாகச் சொன்னார். முதல் மேம்பாடு முடிந்தது. ஒரு புதிய பொருளும் வாங்கவில்லை.

அடுத்த இரண்டு மாதம் எதையும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதல் 1,000 கிலோமீட்டர் வரை என்ஜினை உச்சச் சுழற்சிக்கு விரட்டக்கூடாது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பிடித்து ஓட்டவும் கூடாது. பிரேக் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தவே சில நூறு கிலோமீட்டர் ஆகும். புதிய டயரின் மேற்பரப்பில் உள்ள வழவழப்பு போகவும் நூறு, இருநூறு கிலோமீட்டர் வேண்டும். அதற்குள் ‘இந்த வண்டிக்குப் பிடிமானம் இல்லை’ என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

இனி டயர். உங்கள் பணத்தில் பெரும்பங்கை இங்கேதான் போடச் சொல்வேன்.

நான்கு பேர் உட்கார்ந்த ஒரு சிறிய காரின் எடை ஏறத்தாழ 1,200 கிலோவைத் தாண்டும். அவ்வளவு எடையும் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வொரு இடமும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். என்ஜினின் சக்தி, பிரேக்கின் பலம், ஸ்டியரிங்கின் திருப்பம் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். அவை வழுக்கினால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த பாகம் இருந்தும் பயனில்லை.

நிறுவனங்கள் அன்றாடக் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது மைலேஜுக்கு முன்னுரிமை தருகின்றன. எளிதாக உருளும் டயர் எரிபொருளை மிச்சப்படுத்தும். பல சமயம் மழையில் அதன் பிடிமானம் சுமாராகவே இருக்கும். அதே அளவில், அல்லது ஒரு படி அகலத்தில், ஈரச்சாலைப் பிடிமானத்துக்குப் பெயர்பெற்ற டயரைப் போட்டாலே வண்டியின் குணம் மாறிவிடும். அதிகம் ஓடாத டயர்களை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் டயர் கடைகள் இருப்பதால், வித்தியாசத் தொகையை மட்டும் கட்டினால் போதும்.

அளவு மாற்றும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பியின் காரில் இருந்தது 185/65 ஆர்15. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. இங்கே 120 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்தச் சக்கரத்தின் விட்டம் 621 மில்லிமீட்டர் வருகிறது. இதே ரிம்மில் 195/60 போட்டால் 615. ஒரு சதவீத வித்தியாசம்தான். ஸ்பீடோமீட்டரோ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸோ இதனால் குழம்பாது.

அவர் கேட்ட 17 அங்குல ரிம்முக்கு விற்பனையாளர் சொன்ன டயர் 205/45. விட்டம் 616, அதில் தவறில்லை. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றும் ரப்பர் மெத்தையில் 28 மில்லிமீட்டர் போய்விட்டது. நம் ஊர்களில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய சாலைகளில் இதற்கு என்ன அர்த்தம் என்பதை என் பட்டறையின் மூலையில் கிடக்கும், விளிம்பு நசுங்கிய அலாய் வீல்களைப் பார்த்தால் புரியும். பக்கச்சுவர் புடைத்த டயர் அதைவிட ஆபத்தானது. உள்நூல் அறுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. ஒரு நாள்கூட அதில் ஓட்டாதீர்கள்.

இன்னொன்றையும் பலர் பார்ப்பதில்லை. அளவுக்குப் பக்கத்திலேயே 88எச், 84வி என்று பொறித்திருப்பார்கள். எண், அந்த டயர் தாங்கும் எடையைச் சொல்லும். 88 என்றால் 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. எழுத்து, தாங்கும் வேகம். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர். தம்பிக்குக் காட்டப்பட்ட 17 அங்குல டயரில் 84 என்றிருந்தது. பழைய டயரைவிட ஒவ்வொன்றும் 60 கிலோ குறைவாகத் தாங்கும் டயரைப் போட்டு, பெற்றோரையும் பெட்டிகளையும் ஏற்றி மலையேறுவதா? நிறுவனம் கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. தயாரித்த தேதியையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர்கள் அவற்றை முன்னால் போடச் சொல்லிக் கேட்பது வழக்கம். நான் பின்னால்தான் போடுவேன். ஈரச்சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீள முடியும்; பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிப்பது கடினம். டயர் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. மழைக்காலத்தை மனதில் வைத்து 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

காரைத் தாழ்த்துவதைப் பற்றிப் பேசாமல் போக முடியாது, ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். தாழ்வாக இருந்தால் சாயாது என்று நம்புகிறார்கள். நம் சிறிய கார்களில் முன்பக்கம் இருப்பது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒற்றைக் கால். அடியில் ஒரு லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்த ஆர்ம் படுக்கைவாட்டில் இருக்கும்படிதான், அல்லது வெளிமுனை சற்றுக் கீழே சரிந்திருக்கும்படிதான், வடிவமைத்திருப்பார்கள். காரை அதிகமாகத் தாழ்த்தினால் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது. அதை எதிர்க்கும் அளவுக்கு ஸ்பிரிங் கடினமாக இல்லையென்றால் தாழ்ந்த கார் முன்பைவிடக் கூடுதலாகவே சாயும். வளைவில் வெளிப்புறச் சக்கரம் நேராக நிற்கவும் செய்யாது. டயரின் வெளி ஓரம் மட்டும் தேயும்.

ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வர இருக்கும் தூரமும் குறைந்துவிடும். அறிவிப்பில்லாத வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரப்பர் ஸ்டாப்பரில் இடித்து, வளைவின் நடுவே வண்டி துள்ளும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இன்னும் மோசம்: சக்கரம் முழுதாகத் தொங்கும் நேரத்தில் வெட்டிய ஸ்பிரிங் தான் பொருந்தியிருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். அப்படி வந்த வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். ஒன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் திருப்பி அனுப்பியதில்லை. சஸ்பென்ஷனில் செலவழித்தே ஆக வேண்டுமென்றால், அதே உயரத்தில், ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான தரமான ஷாக் அப்சார்பர் போடுங்கள். அதையும் பழையது தளர்ந்த பிறகு செய்தால் போதும்.

பிரேக்கில் பெரிய டிஸ்க் போட வேண்டும் என்று கேட்பவர்களிடம் ஒரு சோதனை சொல்வேன். ஆளில்லாத சாலையில் மிதவேகத்தில் முழு பலத்தோடு பிரேக்கை மிதியுங்கள். பெடல் அதிர்ந்து ஏபிஎஸ் வேலை செய்கிறதா? அப்படியானால் இருக்கும் பிரேக்கே டயரின் பிடிமானத்தைவிடப் பலமானது. சக்கரத்தை நிறுத்துவது பிரேக்; காரை நிறுத்துவது டயர். பெரிய டிஸ்க் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தைக் குறைக்காது.

பிரேக்கின் உண்மையான எதிரி வெப்பம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 100இலிருந்து நிறுத்தும்போது 56 சதவீதம் கூடுதல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36 வளைவுகள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் கருகிய வாடை வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 மட்டுமே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் அப்படியே தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். தேயும் நேரம் வரும்போது சற்று உயர்ந்த தரத்தில் பேட் போடுங்கள். குடும்பக் காருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத என்ஜினில் ஃபில்டரும் சைலன்சரும் சத்தத்தைக் கூட்டுமே தவிர, உணரும்படியான சக்தியைத் தராது. எண்ணெய் தடவும் வகை ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் காற்றை அளக்கும் சென்சார் கெடும். டர்போ என்ஜினில் ரீமேப் உண்மையிலேயே இழுவையைக் கூட்டும். அந்தக் கூடுதல் இழுவையைக் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும், வாரண்டியையும் மறந்துவிட வேண்டும். சாக்கெட்டில் செருகினால் சக்தி கூடும் என்று விற்கும் மலிவு விலைப் பெட்டிகளில் நான் பிரித்துப் பார்த்தவற்றுக்குள் விளக்கைச் சிமிட்டவைக்கும் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்கவும் காப்பீட்டு நிறுவனம் முயலலாம். அதே மாடலின் உயர் ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் ரிம், டயர் அளவோடு நின்றுகொள்வது பாதுகாப்பு.

வேகம் மீதான ஆசையை நான் குறை சொல்லவில்லை. செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் பந்தயத் தடம் வைத்திருக்கும் ஊர் இது. காரின் எல்லையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், பொதுமக்களுக்குத் தடம் திறந்திருக்கும் நாளில் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு அங்கே ஓட்டுங்கள். அவினாசி சாலையில் வேண்டாம்.

தம்பி இரண்டு மாதம் கழித்து வந்தார். நிறுவனத்தின் 15 அங்குல ரிம்மிலேயே 195/60 டயர், 88எச், நான்கும் அந்த ஆண்டுத் தயாரிப்பு. பேலன்சிங் முடித்து, டோவைச் சரிபார்த்து, சக்கர நட்டுகளைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கிக் கொடுத்தேன். முழுச் சுமையோடு போகும்போது பின்டயருக்கு எவ்வளவு காற்று என்பதைக் கதவு ஸ்டிக்கரில் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, டயர் சூடாவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிட்டு வால்பாறைக்குக் கிளம்புவதாகச் சொன்னார். 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதால், திங்களன்று பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.