பாத்திரம் ஓங்கி வைக்கும் சத்தம்

இரண்டு முக்கோணங்கள், ஒரு சின்ன வட்டம், கதவு மட்டும் திறந்து மூடும் ஒரு செவ்வகம். 1944இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் இவற்றை வைத்தே சுமார் இரண்டரை நிமிடப் படம் ஒன்றைத் தயாரித்து, கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் முரடனாகத் தெரிந்தது, வட்டம் பயந்துபோய் வீட்டுக்குள் ஒளிந்தது.

நகர்வது எதுவானாலும் "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்று கேட்காமல் நம் மூளைக்கு இருப்புக்கொள்ளாது. பிறர் மனதில் இருப்பதை ஊகிக்கும்போது, காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக உள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பாவதை ஸ்கேன்களில் பார்க்க முடிகிறது. சரி, முக்கோணமே போதும் என்றால், டிவி குடும்பக் கதைக்கு அசல் மனிதர்களைப் போன்ற கதாபாத்திரங்கள் எதற்கு?

ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். கடன் கேட்கத் தம்பி வந்திருக்கிறான். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் ஒன்று வழக்கத்தைவிடச் சற்று ஓங்கி வைக்கப்படுகிறது. தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஊர்ப் பேச்சை ஆரம்பிக்கிறான். பணம் என்ற சொல்லே வரவில்லை. போன வருஷம் தன் சீட்டுப் பணத்தை எடுத்து இதே தம்பிக்குக் கொடுத்தவள் அவள்தான் என்பதும் நமக்குத் தெரியும். இப்போது யார் பக்கம் நிற்பது?

அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் சொல்ல வசனம் கிடையாது. அர்த்தத்தை நாம்தான் போட்டாக வேண்டும். அதற்கான சரக்கு நம் வீட்டு அடுப்படியிலிருந்துதான் வரும். நமக்கு வரும் அழுகையில் பாதி அந்த அண்ணிக்கு, மீதி நம் சொந்தக் கணக்கு. முழுக்க நல்லவள், முழுக்கக் கெட்டவள் என்றால் ஊகிக்க ஒன்றுமில்லை, மூளை சீக்கிரம் ஓய்ந்துவிடும். நம்மூர் சீரியல்களில் வில்லி முகத்தை மூன்று தடவை ஜூம் செய்து 'டண் டண் டண்' என்று அடிப்பதும் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் அது திடுக்கிடல். விளம்பரம் வந்ததும் போய்விடும்.

அப்புறம், பழக்கம். ஒரே முகத்தை மாதக்கணக்கில் வீட்டுக்கூடத்தில் பார்த்தால் அவர் தெரிந்தவராகிவிடுகிறார். திரையில் இருப்பவரோடு நமக்கு வரும் இந்த ஒருதலை உறவுக்கு டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய ஆய்வாளர்கள் 1956லேயே ஒரு பெயர் வைத்தார்கள்: பாராசோஷியல்.

இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் காட்டியது தூர்தர்ஷனின் 'ஹம் லோக்'. 1984 ஜூலையில் தொடங்கி 17 மாதம், 156 பகுதிகள். குடிக்கிற அப்பா பசேசர் ராம், எதையும் பொறுத்துக்கொள்ளும் அம்மா பாகவந்தி, வேலை கிடைக்காத மூத்த மகன், டாக்டராக ஆசைப்படும் கடைக்குட்டி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து கதை சொல்லும் பாடத்தைப் பற்றிப் பேசுவார். சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்தன.

தொடர் மூலம் சமூகக் கருத்துச் சொல்லும் இந்த வித்தை மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்ற டிவி தயாரிப்பாளர் வகுத்தது. பின்பற்ற ஒருவர், கூடாது என்று காட்ட ஒருவர், நடுவில் தடுமாறி மாறுபவர் என்று பாத்திரங்களைப் பிரித்துவைப்பது அவர் வழி. அந்தக் கணக்கில் பாகவந்தி எச்சரிக்கைப் பாத்திரம்: இப்படி அடங்கிக் கிடந்தால் இதுதான் கதி. ஆனால் பின்னால் ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டபோது, கணிசமானவர்கள் அவளைத்தான் நல்ல தாய்க்கு உதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எத்தனையோ வீடுகளில் பார்ப்பவர்களைப் பெற்ற அம்மாவைப் போலவே அவள் இருந்தாள். அம்மாவைப் போய் யார் தப்பான உதாரணம் என்பார்கள்? அசோக் குமார் வந்து எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1971இல் தொடங்கிய ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற அப்பா வருவார். அவருடைய இனவெறியைக் கேலி செய்யத்தான் எழுதினார்கள். 1974இல் வெளியான ஆய்வில் பார்த்தால், ஏற்கெனவே அந்த மாதிரி எண்ணம் கொண்டவர்களுக்கு அவர் 'நம்ம ஆள்' ஆகியிருந்தார். அவர் உட்கார்ந்து எரிந்துவிழும் நாற்காலி, பழைய சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கியது. 1978இல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ஈடித்தின் நாற்காலியும் அங்கேதான் இருக்கிறது.