சுகர் நார்மல், ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை

எழுபது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எடை குறைந்திருக்கிறது என்றால் நான் உடனே சந்தோஷப்படுவதில்லை. வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகத்தான் வருவார்கள். "டாக்டர், அப்பாவுக்கு மூணு மாச சுகர் சராசரி, அதான் HbA1c, 6.1. ஆறு கிலோ குறைஞ்சிருக்கார். ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட சரி" என்று மகன் ரிப்போர்ட்டை நீட்டுவார். அப்பா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து உந்தி, ஒரு தடவை முடியாமல் உட்கார்ந்து, அடுத்த தடவையில் எழுந்து நிற்பார். எனக்கு அந்த ரிப்போர்ட்டைவிட அவர் எழுந்த விதம்தான் அதிகம் சொல்லும்.

நாற்பது வயதில் தொப்பையோடு வருபவருக்கு எடை குறைவது நல்ல சேதி. எழுபத்தைந்து வயதில், யாரும் திட்டமிடாமல் தானாக எடை குறைந்தால், கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் போகிறது. தசை நடக்கவும் தூக்கவும் மட்டும் அல்ல. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறுகிற குளுக்கோஸில் பெரும்பங்கை இன்சுலின் துணையோடு இழுத்துக்கொள்வது தசைதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தசையும் தேய்கிறது. கால் நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் நடமாட்டம் குறையும், நடமாட்டம் குறைந்தால் தசை இன்னும் கரையும். தள்ளாமை இப்படித்தான் வருகிறது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

தசை விஷயத்தில் இந்தியர்களான நாம் ஆரம்பத்திலேயே கொஞ்சம் பின்தங்கியவர்கள். 2004-ல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் தங்கள் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அப்படிப்பட்ட உடம்புக்கு முதுமையில் இழக்கக் கையிருப்பே குறைவு.

எல்லா நோயாளிக்கும் தள்ளாமை ஒரே மாதிரி வருவதில்லை. வயிறு பெருத்து, கால்கள் மட்டும் மெலிந்து போனவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்கு மசியாத நிலை, அதிகம், சர்க்கரையும் ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை, பசியே இல்லாமல் உடம்பு முழுக்க இளைத்தவர்கள். எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான். சாப்பாடு பாதியாகிவிட்டது, எடையும் குறைந்துவிட்டது, சிறுநீரகம் தளர்ந்ததால் மருந்தும் இன்சுலினும் உடம்பில் கூடுதல் நேரம் தங்குகின்றன. மாத்திரை மட்டும் பத்து வருடத்துக்கு முன் எழுதிய அதே அளவு. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் வாங்கிப் போடுகிறார்கள். சர்க்கரை நன்றாகக் குறைகிறது. அதை 'கன்ட்ரோல்' என்று நினைத்துக்கொள்கிறோம்.

வயதானவர்களுக்கு லோ சுகர் வந்தால் எப்போதும் வியர்த்துக் கொட்டி, கை நடுங்காது. சிலர் பேச்சில் குழம்புவார்கள், சிலர் காரணமில்லாமல் கோபப்படுவார்கள். விடியற்காலை பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபின்தான் சில வீடுகளில் விஷயமே தெரிய வருகிறது. கிளிபென்கிளமைடு போல உடம்பில் நெடுநேரம் நிற்கும் மாத்திரைகளை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒருவேளை சாப்பாடு தவறினாலும் கவனம் வேண்டும். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருந்துவிட்டு மாத்திரையை மட்டும் பக்தியோடு போடுபவர்கள் உண்டு. விரதம் இருப்பது அவரவர் விருப்பம். ஆனால் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி 2008-ல் விழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வில், மூன்று மாத சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். மற்றபடி நலமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள், பல நோய்களோடு தளர்ந்திருப்பவருக்கு 8-க்குள் என்று இப்போது அமெரிக்க நீரிழிவு சங்கமே தளர்த்திச் சொல்கிறது. அதற்காக 11, 12 என்று விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினாலும் தசை கரையும், உடம்பு வற்றும். இரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மூன்று மாத சராசரியே தப்பான கணக்கு காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் அவர் குழுவினரும் 2001-ல் சொன்ன ஐந்து அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலும் பார்க்கிறோம்: ஒரு வருடத்தில் தானாக நாலரைக் கிலோவுக்கு மேல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மந்தமாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தள்ளாமை, ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசல். வளையல் கழன்று விழுகிறதா, வேட்டி இடுப்பில் நிற்கவில்லையா, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறாரா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆசிய நாடுகளுக்கான 2019 வழிகாட்டுதல்படி தசை பலவீனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் கீழே போனாலும் அப்படியே. கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும்.

எடைக் குறைவுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தேடாமல் 'தள்ளாமை' என்று முத்திரை குத்தவும் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். தைராய்டு, கணையப் புற்றுநோய், துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சில சமயம் காரணம் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும்: மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் கெடுக்கும், நாளாவட்டத்தில் பி12 சத்தையும் குறைக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய மாத்திரைகளும், பசியை அடக்கும் ஊசிகளும் குண்டானவர்களுக்கு வரப்பிரசாதம், ஏற்கெனவே இளைத்தவருக்கு யோசித்துக் கொடுக்க வேண்டியவை. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகள் ரொம்பக் கறார். அரிசியைக் குறைத்தோம், சரி. அந்த இடத்தில் என்ன வைத்தோம்? காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி. அறுபது கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும், இதில் பாதிதான் தேறும். முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. மஞ்சள் கருவுக்குப் பயந்து முட்டையையே ஒதுக்கியவர்கள் எத்தனையோ பேர். பாசிப்பயறு தோசை, அடை, சுண்டல், தயிர், மீன் குழம்பில் இரண்டு துண்டு மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லையென்றால் சுண்டலை மசியுங்கள். முடிந்தால் பல் செட்டும் கட்டுங்கள், அதுவும் சர்க்கரை வைத்தியம்தான்.

வாக்கிங் மட்டும் போதாது, தசைக்குப் பளு வேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, இவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். ஐரோப்பாவில் 70 வயது தாண்டிய, தளர்ந்த சர்க்கரை நோயாளிகளுக்கு 16 வாரம் தசைப் பயிற்சியும் உணவு ஆலோசனையும் கொடுத்த மிட்ஃப்ரெயில் ஆய்வில் அவர்களுடைய நடையும் எழுந்திருக்கும் திறனும் மேம்பட்டன. ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்தால் கால்களிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள். அதனால் காய்ச்சலோ ஆபரேஷனோ, டாக்டர் அனுமதித்த அன்றே எழுப்பி உட்கார வையுங்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்பது அன்புதான், தசைக்கு அது ஆகாது.

பயிற்சிக்கு முன் விழித்திரை, இதயம், பாதப் புண் மூன்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவைத் தாங்களாகப் பின்பற்ற வேண்டாம். வெளியே வர முடியாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டு வருபவரிடம் அதையும் கேளுங்கள்.