செத்துப்போன லிப்போ பேட்டரிக்கு உயிர் கொடுக்காதீர்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு ட்ரோன், ஆர்.சி. கார் பேட்டரிகள் வரத் தொடங்கும். "சார்ஜே ஏற மாட்டேங்குது சார், எப்படியாவது சரிபண்ணிக் குடுங்க" என்பார்கள். லிப்போவாக, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியாக இருந்து, உள்ளே இருக்கும் செல் 3 வோல்ட்டுக்கும் கீழே போய்ப் பல நாள் அப்படியே கிடந்திருந்தால் நான் தொடுவதில்லை. பெற்றோருக்குக் கோபம் வரும். வரட்டும்.

காலியாகிக் கிடக்கும் செல் தானாகவே இன்னும் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. இதற்காகத்தான் நல்ல சார்ஜர் 'லோ வோல்டேஜ்' என்று காட்டி நின்றுவிடுகிறது. பிள்ளைகளோ வீடியோ பார்த்துவிட்டு நிக்கல் பேட்டரிக்கான மோடில் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றுகிறார்கள். லிப்போ செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும், அங்கே நிறுத்த வேண்டும் என்பதே அந்த மோடுக்குத் தெரியாது. மறந்துபோய் விட்டுவிட்டால் தீதான்.

பேட்டரி ஏன் அவ்வளவு இறங்குகிறது? மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதால். மூன்று செல் பேக் ஒன்றில் மீட்டர் வைத்தால் 11.4 காட்டும், ஒரு செல்லுக்கு 3.8, நல்ல நிலை என்று தோன்றும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய பேலன்ஸ் வயரில் தனித்தனியாகப் பார்த்தால் 4.0, 4.0, 3.4. அந்த மூன்றாவது செல்தான் ஓட்டும்போது முதலில் படுக்கும். பேலன்ஸ் வயரில் செருகும் குட்டி அலாரம் பெரிய விலையில்லை. 3.5 வோல்ட்டில் வைத்து, அது கத்தியதும் ட்ரோனைத் தரையிறக்குங்கள், காரை நிறுத்துங்கள்.

சார்ஜ் ஏற்றும்போது எப்போதும் எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் மோடுதான். 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். ஓட்டிய சூடு ஆறாமல் மாட்டாதீர்கள். கட்டில், சோபா வேண்டாம். வெறும் டைல்ஸ் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம் என்று முழுசாக ஏற்றிவைப்பார்கள், மழையோ விருந்தாளியோ வந்துவிடும், பேட்டரி அப்படியே வாரக்கணக்கில் கிடக்கும். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தால் கேட்கவே வேண்டாம், உப்பிவிடும். இரண்டு மூன்று நாளுக்குள் ஓட்டவில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் போட்டு ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கப் பார்க்காதீர்கள். எங்கள் கடையில் மணல் தட்டில் வைத்து, மூன்று செல் பேக் என்றால் சின்ன 12 வோல்ட் பல்பு மாட்டி, முழுக்க வடிய விடுகிறோம். பிறகு கனெக்டரில் டேப் சுற்றி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறோம். மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கி அங்கேயே தீப்பிடிக்கலாம்.