முகிலுக்குக் கீழே பார்க்கும் நுண்ணலைச் செய்மதிகள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானதும், முல்லைத்தீவு முதல் கொக்கிளாய் வரையான கரையோரத்தில் கைபேசிக்குக் கைபேசி செய்மதிப் படங்கள் பரவத் தொடங்கிவிடும். அவற்றுட் பெரும்பாலானவை அகச்சிவப்புப் படங்கள். முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதையே அவை காட்டுகின்றன. வெள்ளைத் திரள் எங்கே தடித்திருக்கிறதோ அங்கேதான் சூறாவளியின் மையம் இருக்கும் என்று பலரும் கொள்வதை, கரையோரக் கிராமங்களில் இப்படங்களை விளக்கும் பணியில் உள்ளவன் என்ற வகையில், கவலையோடு கவனித்து வருகிறேன்.

மேல்வளியில் காற்று வேறு திசையில் வலுவாக வீசும்போது முகில்திரள் ஒருபுறம் தள்ளப்பட்டு, சுழற்சியின் மையம் திரளுக்கு வெளியே கிடப்பதுண்டு. கடலும் முகிலும் இயல்பாகவே வெளிவிடும் நுண்ணலைகளோ (மைக்ரோவேவ் கதிர்கள்) மெல்லிய உயர்முகில்களை ஊடுருவிச் செய்மதியை வந்தடைகின்றன. ஏறத்தாழ 89 கிகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில், உயர்ந்தெழுந்த மழைமுகில்களின் பனிக்கட்டித் துணிக்கைகள் கீழிருந்து வரும் கதிர்வீச்சைச் சிதறடிப்பதால் அவ்விடங்கள் குளிர்ந்தவையாகத் தெரிகின்றன. 37 கிகாஹேர்ட்ஸில், குளிர்ந்ததாகத் தோன்றும் கடற்பரப்பின் மீது தாழ்வான மழைப்பட்டைகள் வெப்பமாகத் தெரிவதால், சுழற்சியின் அமைப்பையும் மையத்தையும் கண்டுகொள்ள முடிகிறது. 2012இல் ஜப்பான் ஏவிய ஷிசுகு செய்மதியின் கருவி இவ்வகையைச் சேர்ந்தது.

மையம் சில பத்துக் கிலோமீற்றர் விலகினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடந்தது. நம் அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கிழக்கிலிருந்து வரும் சூறாவளியின் மையத்துக்கு வடக்கேயுள்ள கரையில் காற்று கடலிலிருந்து தரையை நோக்கி வீசிக் கடல்நீரை உள்ளே தள்ளும். தெற்கேயுள்ள கரையிலோ அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். ஆகவே மையம் முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றுக்குத் தெற்கே கடக்கிறதா வடக்கே கடக்கிறதா என்பதைப் பொறுத்து, அங்குள்ள மீனவர் குடில்களான வாடிகளுக்கு வரும் ஆபத்தே மாறிவிடுகிறது.

காற்றை அளப்பதற்கு வேறு கருவி உண்டு. ஐரோப்பாவின் மெட்டொப் செய்மதிகள் நுண்ணலைத் துடிப்புகளைக் கடலுக்கு அனுப்பி, சில சென்ரிமீற்றர் அளவுள்ள சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கின்றன. அவை தம் பாதையின் இருபுறமும் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் அகலமான பட்டைகளையே பார்க்கின்றன; இடையில் வெறுமையான பகுதி ஒன்று எஞ்சுகிறது. தாழமுக்கம் அதற்குள் விழுந்துவிட்டால், அந்தப் படத்தில் அது இல்லை என்பதால் கடலிலும் இல்லை என்றாகிவிடாது.

மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே. ஷிசுகுவின் கருவியோ, கடலின் வெப்பநிலையை அறிய உதவும் தன் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரே பார்வையில் 35க்கு 62 கிலோமீற்றர் பரப்பைச் சேர்த்தே உணர்கிறது. தரையின் கதிர்வீச்சும் அதில் கலந்துவிடுவதால், இவ்வொடுங்கிய கடலின் வெப்பநிலைக்கு அத்தரவை நம்புவது சரியாகாது என்பது என் கருத்து. திறந்த கிழக்குக் கடலுக்கு அதே தரவு பெரிதும் பயன்படும்.

படத்தின் மூலையிலுள்ள நேரத்தையும் வாசியுங்கள். இச்செய்மதிகளில் ஒன்று நம் கடலை நாளுக்கு இரு தடவையளவே கடக்கிறது. சில நாட்களில் அதுவும் இல்லை. அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால்தான் நம் நேரம் கிடைக்கும். படம் சில மணித்தியாலங்கள் பழையதென்றால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் புதிய அறிவித்தலைப் பாருங்கள், அல்லது 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேளுங்கள். அதற்குப் பின்னரே படகை இறக்குங்கள்.