தண்ணீரில் நின்றபடி தாகத்தில் வாடிய மாங்கன்று

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லை செங்குத்துச் சரிவு. மேலே நின்று ஒரு தேங்காயைக் கைநழுவ விட்டால், கீழ்வீட்டு அக்கா துணி காயப்போடும் கொடிக்குக் கீழே போய்த்தான் நிற்கும். அந்தச் சரிவு முடியும் இடத்தில், கொஞ்சம் சமதளமாக இருக்கிறதே என்று, ஆகஸ்டில் ஒரு ஒட்டு மாங்கன்று வைத்தேன். நர்சரியிலிருந்து தம்பி அதைத் தன் பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டிக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்) நிற்கவைத்து, மேலே ஒரு சாக்குக்கூடப் போடாமல், என்-டூ நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தான். கன்றின் கஷ்டகாலம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நவம்பரில் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது, ஓரம் கருகியிருக்கிறது. அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "தண்ணி பத்தல தம்பி" என்றார். மாமா வந்தார், "ஒரு பிடி டூ-த்ரீ-டூ உரம் போடு, சரியாயிடும்" என்றார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண் ஏற்கெனவே சொதசொதவென்று இருந்ததை அப்போது கவனிக்கவே இல்லை.

இலை வாடினால் "மண்ணில் தண்ணீர் இல்லை" என்று நாம் படித்துக்கொள்கிறோம். இலை சொல்வது அது இல்லை. "எனக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை" என்பது மட்டும்தான் அதன் புகார். குழாயில் தண்ணீர் வராததற்குத் தொட்டி காலி என்பது ஒரு காரணம், அடைப்பு இன்னொரு காரணம் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

மரத்துக்குள் பம்பு எதுவும் கிடையாது. இலையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, உணவு சமைக்கக் கரியமிலவாயு வேண்டும் என்பதால் பகலில் அவற்றைத் திறந்துதான் ஆக வேண்டும், திறந்தால் அதே வழியாக ஈரம் வெளியேறிவிடும். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் தொட்டியில் ஒரு சூரியகாந்தியை வைத்து, மண்ணை மூடிபோட்டு அடைத்து, காலையும் மாலையும் எடை பார்த்து இந்த இழப்பை அளந்தார். 1727இல் அதை வெளியிட்டார். அப்படி இலையில் போகிற ஒவ்வொரு துளியும் பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. வேரிலிருந்து நுனிவரை மெல்லிய குழாய்களுக்குள் நீர் அறுபடாத கயிறுபோல ஒட்டி நிற்பதால் இழுத்த இழுப்புக்கு ஏறி வருகிறது என்ற விளக்கத்தை 1894இல் டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். இழுப்பு மிஞ்சிப்போனால் ஒரு குழாயில் காற்று புகுந்து கயிறு அறுந்துவிடும். அந்தக் குழாய் பெரும்பாலும் போனதுதான். இலையின் ஓரமும் நுனியும் முதலில் கருகுவது ஏன் என்று இப்போது புரியும், கடைமடை வயல் முதலில் காய்கிற கதைதான்.

பெரிய மரத்துக்கு வேர் பரந்து கிடக்கும். புதுக்கன்றுக்கு இருப்பதெல்லாம் ஒரு பை அளவு வேர். நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் முடியைவிட மெல்லியவை, பையைக் கிழித்து மண்கட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினாலே பாதி அறுந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே பெர்க் காற்று வேறு அடிக்கும். உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்க இறங்க அழுத்தத்தில் சூடாகி, ஈரமே இல்லாமல் அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அறையும். நெடுஞ்சாலையில் பக்கி செய்ததை இந்தக் காற்று நாள் முழுக்கச் செய்கிறது: இலையைச் சுற்றி நிற்கும் ஈரப்படலத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டே இருக்கிறது. செலவு மலையளவு, வரவு கைப்பிடியளவு. என் கன்றின் ஓரக்கருகல் அந்த நாட்களில் வந்தது.

அதைப் பார்த்து நான் தினமும் இரண்டு வாளி ஊற்றினேன். அக்டோபரில் மழையும் சேர்ந்துகொண்டது. களிமண்ணில் தோண்டிய குழிக்கு அடியில் வடிகால் இல்லாவிட்டால் அது ஒரு சட்டிதான், அதிலும் சரிவின் அடியில் இருந்தால் மேலே பெய்ததெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். வேரும் உயிர்தானே, மூச்சுவிட வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் நிரம்பினால், ஆக்சிஜன் அதில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு.

இதற்குமேல் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேரின் செல்களில் நீர் நுழைவதற்கென்றே புரதத்தாலான சிறு வாசல்கள் இருக்கின்றன, அக்குவாபோரின் என்று பெயர், இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுத் திணறும் வேரில் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடும். கூடியதும் இந்த வாசல்கள் மூடிக்கொள்ளும். ஆக, கன்று கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தில் வாடுகிறது, நாமோ வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுகிறோம்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, தண்ணீருக்கே அது பொருந்தும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மேகமூட்டமான ஒரு சாயங்காலம், மனசைத் திடப்படுத்திக்கொண்டு கன்றைச் சுற்றித் தோண்டினேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தது, காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் வேலை அது. ஒரு பழுப்பு வேரை விரலால் உருவினால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மிச்சம். இரண்டு தப்பும் கண்ணில் பட்டன. அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்தில் தெரியவேண்டும், நான் அதை ஒரு சாண் ஆழத்தில் புதைத்திருந்தேன். அப்புறம், பைக்குள்ளேயே வளர்ந்த வேர்கள் பையின் உருவத்திலேயே வளையம் வளையமாகச் சுருண்டிருந்தன. இவை தானாக நிமிராது. தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரிக்கும், பல வருஷம் கழித்துத் தண்டையே நெரிக்கலாம். சுருளை மூன்று இடங்களில் சுத்தமான கத்தியால் நறுக்கினேன், அழுகியதை எடுத்தேன். வேறு இடம் பார்த்தேன்.

இடம் பார்ப்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, நடுவதற்கு முன்பே செய்திருக்கவேண்டியது. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது தண்ணீர் மறுநாளும் நின்றால் அங்கே நடாதீர்கள், அல்லது மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். நான் மேடுதான் கட்டினேன். மேலே காய்ந்த இலைமூடாக்கு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி.

உரமா? மாமாவிடம் சண்டை போடாமல் வாங்கி ஷெட்டில் வைத்துவிட்டேன். மாங்காய் அச்சாருக்கு உப்புப் போட்டு வைத்தால் துண்டுகள் நீர் விட்டுச் சுருங்குகின்றனவே, அடிபட்ட வேரைச் சுற்றி உரஉப்பு சேர்ந்தால் அதே கதி. புதுத்தளிர் வந்து நிலைத்தபிறகு போடலாம். "இலையைக் கழித்துவிடு, பாரம் குறையும்" என்ற யோசனையையும் ஏற்கவில்லை. புதுவேருக்குச் சோறு இலையிலிருந்துதான் போகிறது, வேர் விடு என்று சொல்லும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் குருத்திலிருந்துதான் இறங்குகிறது. இலைத் துளைகளின் செலவைக் குறைக்க மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலை கட்டினால் போதும்.

முட்டுக்கம்பு வேண்டும், ஆனால் இறுக்கிக் கட்டக்கூடாது. மண்கட்டி ஆடினால் புதுவேர் அறுந்துபோகும், தண்டு ஆடாவிட்டால் தடிக்காது. எனவே தாழ்வாக, தளர்வாக, பழைய துணிப்பட்டையால் ஒரு எட்டுப்போட்ட முடிச்சு.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தேன். தண்டை ஒட்டிய பைமண்ணில் ஒருமுறை, வெளிமண்ணில் ஒருமுறை. நர்சரிக்காரர்கள் நிரப்புவது லேசான கலவை, சுற்றிலும் ஈரமாக இருக்கும்போதே அது மட்டும் காய்ந்துபோயிருக்கும், எனவே ஒரு இடத்தில் தொட்டு முடிவு செய்ய முடியாது.

டிசம்பர் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு இலை உதிர்ந்தது. உயிர் இருக்கிறதா என்று தண்டை நகத்தால் லேசாகக் கீறினேன், தோலுக்கடியில் பச்சை. உச்சியில் கீறினால் பழுப்பு, ஒட்டுக்கு மேலே ஒரு சாண்வரை பச்சை. சரி, காத்திருக்கலாம். ஒட்டுக்குக் கீழே முளைத்த ஒரு குருத்தை மட்டும் கிள்ளி எறிந்தேன், அது அடிக்கன்றின் கிளை, விட்டால் மேலே இருக்கும் நல்ல ஜாதியை அமுக்கிவிடும்.

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம், பச்சை மிச்சமிருந்த தண்டில் செம்பு நிறத்தில் ஒரு கொத்துத் தளிர் வந்தது. ஏழெட்டு இலை, நனைந்த பட்டுத்துணி மாதிரித் துவண்டு தொங்கியது. அக்கா வேலியோரம் வந்து பார்த்துவிட்டு, "மறுபடி தொங்குதே தம்பி, தண்ணி ஊத்தலையா?" என்றார். மாந்தளிர் பிறக்கும்போதே அப்படித்தான், விறைப்பைத் தரும் நார் இனிமேல்தான் உள்ளே கட்டவேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் காலை மூடாக்கு நனைந்திருந்தது, யார் ஊற்றியது என்று நானும் கேட்கவில்லை.