மண்டபத்துக்காரர்களே, பயோகேஸ் தொட்டியில் அண்டாவைக் கவிழ்க்காதீர்கள்

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு மறுபடியும் அதே போன். "அண்ணே, எம்புட்டு சாப்பாடு போட்டிருக்கோம், அடுப்புல தீ ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. தொட்டியில ஏதோ கோளாறு." மதுரையைச் சுற்றியுள்ள மண்டபங்கள், விடுதிகள், ஹோட்டல்களில், மிச்சச் சாப்பாட்டை அடுப்பெரிக்கும் வாயுவாக்கும் பயோகேஸ் தொட்டி அமைப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. முகூர்த்த சீசன் வந்தாலே இந்தப் புகாரும் வந்துவிடுகிறது.

போய்ப் பார்த்தால், கழிவு போடும் வாய் வரை சோறு நிற்கிறது. மேலே எண்ணெய் மிதக்கும் சாம்பார், பாயசத்துச் சேமியா, மடித்த எச்சில் இலைகள், நடுநடுவே ஐஸ்கிரீம் கப், டிஷ்யூ, பாதித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பாட்டில்கள். மறுபக்கம் வெளியேறும் ஸ்லரியில், அதாவது செரித்து வரும் கரைசலில், புளித்த மாவு வாடை. அமிலம் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் பிஎச் தாளை நனைத்தேன். பச்சை காட்ட வேண்டியது ஆரஞ்சுக்குப் போய்விட்டது. நாளுக்கு 50 கிலோ கழிவுக்கென்று கட்டிய தொட்டி அது. அடுத்தடுத்து வந்த இரண்டு முகூர்த்தங்களின் மிச்சத்தை ஒரே ராத்திரியில் அதில் கவிழ்த்திருக்கிறார்கள்.

நிறையப் போட்டால் நிறைய கேஸ் வரும் என்ற நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அடுப்பில் விறகு வைக்கிற கணக்கு இங்கே செல்லாது. தொட்டிக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. முதல் வகை சோற்றையும் காய்கறியையும் சிதைத்து அமிலமாக்கும். இரண்டாம் வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும். முதல் வகை சில மணி நேரத்திலேயே பெருகிவிடும், இரண்டாம் வகை பெருகப் பல நாள் பிடிக்கும். ஒரே நாளில் நான்கு மடங்கு போட்டால் அமிலம் மளமளவென்று ஏறும், அதைத் தின்ன ஆள் பத்தாது. பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். அப்புறம் வாயு வரத்தான் செய்யும், ஆனால் அதில் பெரும்பங்கு கரியமில வாயு. அது எரியாது. உங்கள் அடுப்பு அணைந்ததற்குக் காரணம் இதுதான். குழாயும் பர்னரும் சரியாகவே இருக்கின்றன.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. மாட்டுப் பொங்கல் அன்று ஆசையாக வாளி வாளியாகப் பொங்கல் வைத்து, வயிறு உப்பி மாடு விழுந்த கதை மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் கேட்டால் சொல்வார்கள். அளவுக்கு மீறிச் சோறு விழுந்தால் மாட்டின் வயிற்றிலும் இதே அமிலக் கோளாறுதான். முதல் நாள் தொட்டியைத் தொடங்க நாங்கள் சாணம் கரைத்து ஊற்றுவதும் அந்த வயிற்று நுண்ணுயிர்களுக்காகத்தான்.

கெட்டுப்போன தொட்டியைத் தேற்ற வாரக்கணக்கில் ஆகும். கழிவு போடுவதை அடியோடு நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதுச் சாணம் கரைத்து ஊற்றிக் காத்திருக்க வேண்டும். "நாளைக்கே எரியணும்ணே" என்று என்னை நெருக்கிப் பயனில்லை.

மண்டபத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். விடுதியில் தினமும் ஒரே அளவு மிஞ்சும். மண்டபத்தில் முகூர்த்தத்தன்று மலைபோல் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றுமே இருக்காது. அதனால் வந்ததை மூடியுள்ள டிரம்களில் எடுத்துவைத்து, தொட்டியின் அளவுப்படி இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போடுங்கள். அதற்கும் மேல் இருந்தால் மாநகராட்சியின் மக்கும் குப்பை வண்டியில் கொடுங்கள். காலி மாதங்களில் தொட்டியைப் பட்டினி போடாமல் கொஞ்சம் சாணமோ காய்கறிக் கழிவோ போட்டுவாருங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அதற்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

எச்சில் இலையைப் போடாதீர்கள். வாழை இலை நார், சீக்கிரம் செரிக்காது, மேலே மிதந்து ஏடு கட்டி வாயுவை அடைக்கும். அதைத் தனியே உரக்குழிக்கு அனுப்புங்கள். எலும்பு, தேங்காய் ஓடு, முட்டை ஓடு வேண்டாம். மூட்டை மூட்டையாகப் பிழிந்த எலுமிச்சைத் தோலும் வேண்டாம். வடை பொரித்த எண்ணெயை ஊற்றவே கூடாது. பினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த கழுவு தண்ணீர் அந்தப் பக்கமே போகக் கூடாது, நுண்ணுயிர் செத்துப்போகும். பந்தியில் இலை எடுக்கும் இடத்திலேயே இரண்டு டிரம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் வழித்துப் போட்டுவிட்டு, நள்ளிரவில் அதைக் கையால் பிரிக்கும் வேலையை இரண்டு பெண்களின் தலையில் கட்டுவது அநியாயம்.

அடுத்தது தண்ணீர். கழிவைக் கூழாக அரைக்க ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் வேண்டும். கோடையில் டேங்கர் லாரி வாங்கும் மண்டபத்தில், போர் தண்ணீரை ஹோஸ் வைத்துப் பீய்ச்சிக் கரைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. அரிசி களைந்த தண்ணீர் போதும். வெளியே வரும் ஸ்லரியைத் தெளியவைத்து, மேல் தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்பவும் கரைக்க எடுத்துக்கொள்ளலாம். அதில் தேவையான நுண்ணுயிரும் கூடவே வரும்.

மிச்ச ஸ்லரியைச் சாக்கடையில் திறந்துவிடுகிறார்கள். அது கால்வாய் வழியாகக் கிருதுமால் நதிக்கோ வைகைக்கோதான் போகும். கழிவில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வாயுவோடு போவதில்லை, அப்படியே ஸ்லரியில் தங்கிவிடுகின்றன. வயலுக்குப் போனால் உரம், ஆற்றுக்குப் போனால் ஆகாயத்தாமரைக்குத் தீனி. மல்லிகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. சுற்றிலும் மல்லித் தோட்டமும் தென்னையும் வாழையும் இருக்க, உரத்தைச் சாக்கடையில் விடுவானேன்? வாரம் ஒருமுறை கேன் கொண்டுவந்து எடுத்துப்போக ஒரு விவசாயியிடம் பேசிவையுங்கள். தண்ணீர் கலந்து வேர்ப்பக்கம் ஊற்றச் சொல்லுங்கள். உப்பு கூடிய சாம்பார், ஊறுகாய்க் கழிவு அதிகம் போட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

"மிஞ்சினா என்ன, அதான் தொட்டி இருக்கே, கேஸாயிடும்" என்று சமையல் கான்ட்ராக்டரே சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஈரக்கழிவிலிருந்து சுமார் 100 லிட்டர் வாயு கிடைக்கும். 50 கிலோ போட்டால் 5 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். பத்துக் கிலோ அரிசியை வடித்து மிஞ்சிய சோற்றில் ஒன்றரைக் கிலோ சிலிண்டர் கேஸ் தேறினாலே அதிகம். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பத்துக் கிலோ அரிசி என்றால் 25,000 லிட்டருக்குக் குறையாது, இரண்டு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். பெரியாறு கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று மேலூரில் காத்திருந்து விளைவித்த நெல் அது. வரப்போகிறவர்களை எண்ணிச் சமைப்பது முதல் வேலை. மிஞ்சிய நல்ல சோறு சூடு ஆறுமுன் யார் வயிற்றுக்காவது போக வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாததுதான் தொட்டிக்கு.

நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள், ஈரக்கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே கையாள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதால் பலர் தொட்டி கட்டினார்கள். கட்டியதோடு விதி நிறைவேறிவிடாது. ஓடாத தொட்டியின் கழிவு கடைசியில் அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. அங்கே அது அழுகிக் கிளப்பும் அதே மீத்தேன் காற்றில் கலக்கிறது.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அந்த மண்டபத்துக்கு நான் போன அன்று தொட்டியின் மூடி திறந்து கிடந்தது, பக்கத்தில் ஏணி. இலைகளை அள்ளி எடுக்க ஒரு பையனை உள்ளே இறக்கத் தயாராக இருந்தார்கள். ஐயா, இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை இல்லை, பயமில்லை என்று இறங்கியவர் மயங்கி விழ ஓரிரு மூச்சு போதும். அரை மணி நேரம் திறந்துவைத்தால் வாயு போய்விடும் என்பதையும் நம்பாதீர்கள், அடியிலுள்ள சேற்றைக் கிளறினால் மறுபடி கிளம்பும். மூடி திறந்திருக்கும் இடத்தில் பீடி, தீக்குச்சி, செல்போன் டார்ச் எதுவும் வேண்டாம். அடைப்பு என்றால் தொட்டி கட்டியவரைக் கூப்பிடுங்கள், வெளியிலிருந்தே எடுக்கக் கருவிகள் உண்டு. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார். மூச்சுக் கருவியோடு வருபவர்கள்தான் இறங்க வேண்டும். உடனே 101, 108 இரண்டுக்கும் போன் செய்யுங்கள். இரண்டு எண்ணையும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.